ஹையில் நின்ற குமிழ்

என் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மணிக்கணக்கில் மெல்லக் கறி காய்ச்சும் ஒரு மின்சார ஸ்லோ குக்கர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாக இருந்தது. முட்டை வடிவம், கறுப்பு உறை, உள்ளே தூக்கி எடுக்கக்கூடிய கனத்த பீங்கான் பானை, கண்ணாடி மூடி. முன்பக்கம் ஒரேயொரு திருகுக் குமிழ். அதை அணைத்து வைக்கலாம், மெல்லிய சூட்டுக்கு லோவில் வைக்கலாம், கூடிய சூட்டுக்கு ஹையில் வைக்கலாம். நான்கு ஆண்டுகளும் அது ஹையிலேயே நின்றது. கடைசியாக அதைத் திருப்பியது என் மச்சாளின் கை. அன்று நான் சுவரிலிருந்து பிளக்கைத்தான் இழுத்தேன், குமிழைத் தொடவில்லை. அது நின்ற இடத்தை வைத்துத்தான் எங்கள் சனம் ஒரு பெண்ணுக்குத் தீர்ப்புச் சொன்னது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அடங்கவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

தங்கை எனக்கு மச்சாள் என்றால் மூத்த அண்ணாவின் மனைவி. இருவரும் இந்தக் குளிர் நாட்டில், ஸ்டோவ்னர் என்ற புறநகரில் ஒரு மாடிக் குடியிருப்பின் ஏழாம் தளத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மச்சாளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அண்ணாவுக்கு ஒரு பண்டகசாலையில் பொருள் ஏற்றி இறக்கும் வேலை, காலை ஐந்தரைக்கே தொடங்கிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் களைத்து வந்து சேரும்போது வீட்டில் சுடச்சுடக் கறி இருக்கவேண்டும் என்றுதான் மச்சாள் அந்தப் பானையை வாங்கினார். வாங்கிய புதிதில் சொந்தக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மணித்தியாலம் கறி காய்ச்சுவது சோம்பேறிகளின் சமையல் என்றார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து அதே கறியை வழித்துத் தின்றுவிட்டு, பக்கத்து ஊரான ஸ்ட்ரோம்மனில் உள்ள கடைகளுக்குப் போய் வீட்டுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். லோறென்ஸ்கூக்கில் இருக்கும் எங்கள் பெரியம்மாவும் வாங்கினார்.

வாங்கியவர்கள் நேரம் கேட்டு மச்சாளுக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். செய்முறையில் ஹையில் நான்கு மணித்தியாலம் என்று போட்டிருக்கும். வேலைக்குப் போகிறவர் லோவில் வைத்துவிட்டுப் போவதென்றால் எவ்வளவு? ஹையில் ஒன்று என்றால் லோவில் இரண்டு என்பது மச்சாளின் பதில். அதோடு விடமாட்டார். எலும்போடு சேர்ந்த ஆட்டிறைச்சிக்கு அந்தக் கணக்குச் சரி, கோழிக்கு வைத்தால் தும்புதும்பாகப் போய்விடும், ஆறு போதும் என்பார். சிவப்பு அவரையை முதலில் அடுப்பில் பத்து நிமிடம் துள்ளக் கொதிக்க வைக்காமல் லோவில் போடவே கூடாது, வயிற்றைப் பிடுங்கிவிடும். தேங்காய்ப்பால் கடைசி அரை மணித்தியாலத்தில். மூடியைத் திறந்தால் போன சூடு திரும்பிவர நேரம் எடுக்கும், ஆசைப்பட்டால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார். இடையில் லோவிலிருந்து ஹைக்கு மாற்றவேண்டி வந்தால், மிச்சமிருக்கும் நேரத்தை மட்டும் பாதியாக்கு, கழிந்ததை விட்டுவிடு. இதையெல்லாம் ஒரு நேர்ஸ் மருந்து சொல்வது போலப் பொறுமையாகச் சொல்வார். நான் அவரைக் கேலி செய்ததும் உண்டு.

அது நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. மச்சாளுக்கு ஓய்வு நாள். பகல் பன்னிரண்டு மணியளவில் நான் வேலை செய்யும் பாலர் பள்ளிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அண்ணா வேலையிடத்தில் விழுந்துவிட்டார், அம்புலன்சில் கொண்டுபோகிறார்கள், தான் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது மாரடைப்பில் எல்லாம் முடிந்திருந்தது. மச்சாள் ஒரு நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் இருந்தார். கோட்டின் உள்ளே வீட்டில் போடும் சட்டை, அதன் முன்பக்கத்தில் மஞ்சள் கறை. சனம் வரும், வீட்டைத் திறந்து வையுங்கோ என்று திறப்பை என் கையில் தந்தார்.

நான் ஸ்டோவ்னருக்குப் போனபோது பெரியம்மா எனக்கு முன்பே கதவடியில் நின்றார். எங்கள் அம்மா காலமான பிறகு அந்த இடத்தில் தன்னைத் தானே இருத்திக்கொண்டவர் அவர். கதவைத் திறந்தேன். ஆட்டிறைச்சிக் கறி மணந்தது. வீடு முழுக்க, உடுப்பு மாட்டும் இடம்வரை, கறுவாவும் ஏலமும் சேர்ந்த மணம். பெரியம்மா சப்பாத்தைக் கழற்றாமலே நேரே சமையலறைக்குப் போனார். பானை கண்ணாடிக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து குமிழைப் பார்த்தார்.

“காலமை ஒன்பது மணிக்கு என்னோடை கதைக்கேக்கை லோவிலை போட்டனான், மூண்டு மணிக்குத்தான் அவியும் எண்டவள்,” என்றார் பெரியம்மா. “இப்ப ஹையிலை நிக்குது. எப்ப திருப்பினவள்?”

அந்தக் கேள்விக்குப் பதிலும் பெரியம்மாவிடம் இருந்தது. செய்தி கேட்ட பிறகு திருப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்திலும் கறியை நினைத்திருக்கிறாள், சனம் வருமுன் ஆகட்டும் என்று கூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். போதாக்குறைக்கு, செத்த வீட்டில் அடுப்பு எரிகிறது, அதுவும் இறைச்சியோடு. உதைக் கொண்டுபோய்க் கொட்டு என்று எனக்குச் சொன்னார். நான் கொட்டினேன். பிளக்கை இழுத்து, பானையைத் தூக்கி, கறி முழுவதையும் உணவுக் கழிவுக்கான பச்சைப் பைகளில் ஊற்றிக் கட்டினேன். ஒரு பை பொத்துக்கொண்டு லிப்டுக்குள் குழம்பு ஒழுகியது. முழந்தாளிட்டுப் பேப்பரால் துடைத்தேன். இறைச்சி அவிந்திருந்ததா இல்லையா என்றுகூட நான் பார்க்கவில்லை. அண்ணா செத்த அன்று நான் அண்ணாவுக்காகச் செய்த ஒரே வேலை, அவருக்கு வைத்த கறியைக் குப்பையில் போட்டது.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது வேதாகமத்தில் எங்கும் இல்லை. அது நாங்கள் பிறந்த தீவிலிருந்து எங்களோடு பெட்டியில் வந்தது. ஊரில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று செத்தால் நாளை அடக்கம், அயலவர் ஒரு நாள் சோறு தருவார்கள், துக்கப்பட்டவள் ஒரு நாள் புகைக்குள் நிற்கத் தேவையில்லை. இங்கே அடக்கத்துக்குப் பத்து நாள் காத்திருந்தோம். அந்தப் பத்து நாளும் அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கக் கேத்தல் ஓயாமல் கொதித்தது. கொண்டுவந்த சோறும் பருப்பும் மைக்ரோவேவில் சுற்றிச் சுற்றிச் சூடாகின. பெரியம்மா குடிக்கக் காய்ச்சிய பால் அதே சமையலறையில், அதே மின் அடுப்பில் பொங்கி வழிந்தது. இவை ஒன்றும் அடுப்பில்லையாம். யாரும் இல்லாத வீட்டில் தன்பாட்டில் நின்ற அந்தப் பானை மட்டும் அடுப்பாம். இந்த நியாயத்தை எந்த நீதிமன்றத்தில் படித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். ஸ்டோவ்னரில் தொடங்கிய கதை லோறென்ஸ்கூக் போய், பூசைக்கு வந்து, அடக்கத்துக்கு முன்பே முழு உருவம் எடுத்துவிட்டது. ஒருவர் சொன்னபோது மச்சாள் குமிழைத் திருப்பிவிட்டுப் போனார். இன்னொருவர் சொன்னபோது உப்புப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாமவர் சொன்னபோது ஒரு பிடி சாப்பிட்டுவிட்டே போனார். பிள்ளை பெறாதவளுக்கு மனம் எப்படி இளகும் என்றும் ஒரு வாய் சொன்னது, அதுவும் கோயில் வாசலில் நின்றுகொண்டு. நான் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை என்று அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மை என்னவென்றால் நானும் பாதி நம்பினேன். மச்சாளிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் சவப்பெட்டிக்கு அருகில் அழாமல் நின்றபோது நானும் பெரியம்மாவின் கண்ணால்தான் அவரைப் பார்த்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு இரண்டு நாள் முன்பு லிப்டில் எதிர்வீட்டுத் தம்பியைச் சந்தித்தேன். கோயம்புத்தூர்ப் பொடியன், முப்பது வயதிருக்கும், கணினி வேலைக்கு வந்தவர். எங்கள் ஆட்களுக்கும் அவருக்கும் பெரிதாகப் பழக்கமில்லை. எங்கள் தமிழ் அவருக்குப் பாட்டுப் போலவும், அவருடைய தமிழ் எங்களுக்குச் சினிமா போலவும் இருக்கும். மச்சாளோடு மட்டும் அவருக்கு ஒட்டு. அவர் தயங்கித் தயங்கி, அக்கா சாப்பிடறாங்களா என்று கேட்டார். பிறகு, அண்ணன் கடைசியாகப் பேசினபோது தானும் பக்கத்தில் இருந்ததை மறக்க முடியவில்லை என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏழாம் தளத்தில் இறங்கி, அவருடைய கதவடியில் நின்று முழுவதையும் கேட்டேன்.

அவரும் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கியிருக்கிறார். அந்த வியாழக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. ஹையில் போட்ட நேரத்தை லோவுக்கு எப்படி மாற்றுவது என்று கேட்கக் காலை பத்து மணிக்கு மச்சாளின் வீட்டுக்குப் போயிருக்கிறார். மச்சாள் மஞ்சள் கையோடு மீன் பிரட்டிக்கொண்டே விளக்கம் சொல்ல, இவர் கைபேசியில் குறித்துக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் அண்ணா அழைத்திருக்கிறார். மச்சாளின் கை அழுக்கு, ஆகவே தம்பிதான் பொத்தானை அமத்தி மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி விட்டிருக்கிறார்.

“வேலை சீக்கிரம் முடியுது, ஒரு மணிக்கே வந்தர்றேன்னு அண்ணன் சொன்னாருங்க. கொஞ்சம் களைப்பா இருக்குன்னாரு. கறி வெந்துருமான்னு கேட்டாரு. அக்கா வெந்துரும், நீங்க வாங்கன்னாங்க,” என்றார் தம்பி. “போனை வெச்சதும் என்கிட்டச் சொன்னாங்க, பாருங்க தம்பி, இதுதான் கணக்குன்னு. ஏழு மணிக்கு லோல வெச்சது, மூணு மணி நேரம் போச்சு, மிச்சம் அஞ்சு. ஹைல ரெண்டரை. பன்னெண்டரைக்கு ஆயிரும், சோறு வெக்க அரை மணி நேரம் இருக்குன்னு சொல்லிட்டு, புறங்கையாலயே ஹைக்குத் திருப்புனாங்க.”

கைபேசியைக் காட்டினார். குறிப்பு அப்படியே இருந்தது. மூன்று போனது, ஐந்து மிச்சம், இரண்டரை, பன்னிரண்டரை. மேலே அந்த வியாழக்கிழமையின் தேதியும், காலை பத்து மணி ஆறு நிமிடம் என்ற நேரமும். எப்ப திருப்பினவள் என்று பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு மாதமாக எதிர்வீட்டில், ஊரார் யாரும் கதவு தட்டாத வீட்டில் கிடந்திருக்கிறது. என் உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனுசி தன் புருசன் சோற்றுக்குக் காத்திருக்கக்கூடாது என்று திருப்பிய குமிழை வைத்து, அவளுக்கு மனமே இல்லை என்று தீர்த்துவிட்டோமே.

அந்தக் கோபத்தோடேயே மச்சாளிடம் போனேன். ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று, ஏதோ பிழை அவருடையது போல, சத்தம் போட்டுக் கேட்டேன். அவர் சோபாவில் அண்ணாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தைச் சொல்ல? அவர் களைப்பா இருக்கு எண்டவர். நான் டொக்டரிட்டைப் போங்கோ எண்டு சொல்லேல்லை. இறைச்சி அவியும், வாங்கோ எண்டனான்,” என்றார். “சனம் சொல்லுறது பொய். அதைத் தாங்குவன். இது உண்மை. இதை அவையின்ரை வாயிலை குடுக்காதேங்கோ.”

சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இரண்டு நாள்கூட அது தாங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. பெரியம்மா ஐந்தாறு பெண்கள் நடுவில் இருந்து அதே கதையைத் திரும்பவும் தொடங்கினார். அவருக்குப் பின்னால் மேசையில் இரண்டு ஸ்லோ குக்கர்களில் பருப்பும் கத்தரிக்காயும் சூடாக நின்றன, அதில் ஒன்று அவருடையது. அதைப் பார்த்ததும் எனக்கு நிதானம் போய்விட்டது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மணி, தொலைபேசி, ஒரு மணிக்கு வருகிறேன் என்று அண்ணா சொன்னது, மிச்சம் ஐந்து, பாதி இரண்டரை, எதிர்வீட்டுத் தம்பியின் குறிப்பு. ஒரு வழக்கை வென்றுவிட்டவள் போல மூச்சு வாங்க நின்றேன். பெரியம்மா வெட்கப்படுவார், குறைந்தது தலையாவது குனிவார் என்று நினைத்தேன்.

“அப்ப, களைப்பா இருக்கெண்டு அவன் சொன்னவனே?” என்று கேட்டார் பெரியம்மா. “சொல்லியும் இவள் கறியைத்தான் பாத்தவளே?”

திரும்பிப் பார்த்தேன். மச்சாள் சமையல் பக்கத்துக் கதவில், இரண்டு கையிலும் தட்டுகளோடு நின்றார். அவர் பெரியம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தட்டுகளை மேசையில் வைத்தார், கோட்டை எடுத்தார், போனார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் வீட்டை விற்றுவிட்டு ஸ்ட்ரோம்மனில் ஒரு சிறிய வீட்டுக்குப் போனார். சாமான் வெளியேற்றிய நாளில் ஸ்லோ குக்கரைப் பழைய பொருட்களோடு கீழே வைத்திருந்ததாகவும், தனக்கு மனம் கேட்காமல் எடுத்து வைத்ததாகவும் எதிர்வீட்டுத் தம்பி சொல்லி, அதைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். குமிழ் ஹையில் நின்றது.

பெரியம்மா இன்றும் ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் இருக்கிறார். நற்கருணை வாங்குகிறார். அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நியாயமாகச் சொன்னால், பொய்யை அவர் பரப்பினார், உண்மையை நான் பரப்பினேன். மச்சாளை ஸ்டோவ்னரை விட்டுத் துரத்தியது அவருடைய பொய்யில்லை. நல்லது செய்கிறேன் என்று வெளிக்கிட்டு வாயைத் திறந்த என்னுடைய கோபம்தான் அதைச் செய்தது. இத்தனை ஆண்டுகளில் எனக்கு அவர்மேல் வரும் கோபத்தில் பாதியாவது என்மேல் வரவேண்டியது.

இந்த நவம்பரில், அதே வாரத்தில், ஒரு சனிக்கிழமை காலை மேல்தட்டிலிருந்து பானையை இறக்கினேன். எலும்போடு ஆட்டிறைச்சி வாங்கி, மச்சாள் செய்வது போலவே பிரட்டி, சரியாக ஏழு மணிக்கு லோவில் வைத்தேன். நான்கு ஆண்டுகளில் அந்தக் குமிழ் திரும்பியது அன்றுதான். கரகரவென்று இறுகித் திரும்பியது. மூடியைத் திறக்கவில்லை. பத்து மணிக்கு ஹைக்கு மாற்றினேன். மிச்சம் ஐந்து, பாதி இரண்டரை. சமையலறையை விட்டு நகராமல் இருந்தேன். பன்னிரண்டரைக்குப் பிளக்கை இழுத்தேன். உறையோடு பானையைப் பெரிய துவாயால் சுற்றிக் காரின் முன் ஆசனத்தில் வைத்து, பெல்ட் போட்டு, ஸ்ட்ரோம்மனுக்கு ஓடினேன். வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் வைதேன்.

மச்சாள் கதவைத் திறந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார், துவாயைப் பார்த்தார், மணத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். சாத்தவில்லை. விலகி நின்றார். சமையலறை மேசையில் பானையை வைத்தேன். ஏழுக்கு வைத்தேன், பத்துக்குத் திருப்பினேன், இன்னும் திறந்து பார்க்கவில்லை, நீங்கள்தான் திறக்கவேண்டும் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்க ஆயத்தம் செய்து வந்த சொற்களுக்குப் பதிலாக ஒரு கரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் மூடியைத் திறந்தார். கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு துண்டை அமத்தினார். எலும்பு தனியாக, தசை தனியாக விலகியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாக மேசையில் விழுந்தது. அடக்கத்தன்று அழாத கண் அப்போது அழுதது.

“அவிஞ்சிருக்கு,” என்றார்.

பிறகு முகத்தைத் துடைத்தார். பிளக்கை மட்டும் இழுத்துவிட்டு சுவிச்சை அப்படியே விடுவதா என்று என்னை ஏசிக்கொண்டே, குமிழைப் பிடித்து ஹையிலிருந்து அணைக்கும் இடத்துக்குத் திருப்பினார். “இருங்கோ. அரை மணித்தியாலம் செல்லும், சோறு வைக்கிறன்,” என்று சொல்லி அரிசி எடுக்கப் போனார்.